பழைய ஸ்கோ யூனிக்ஸ் சர்வரில் டேப் டிரைவ் மாட்டுவது எப்படி?

பாட்டுக் கேசட் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரெக்கார்டிங் கடையில் பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பத்து நாள் அலைந்து வாங்கி வந்த கேசட். ஐந்தாவது பாட்டு வேண்டுமென்றால் நேராக அங்கே போக முடியாது, நாடாவை ஓட்டித்தான் ஆக வேண்டும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவது நடுவில் வரும் மௌனத்தால்தான் தெரியும். மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் காதை உடைக்காமல் விட்டால், வீட்டில் யாராவது சிவப்புப் பட்டனை அழுத்தி, நல்ல பாட்டின் தலையில் குக்கர் விசில் சத்தத்தைப் பதிந்து வைத்திருப்பார்கள்.

இந்த மூன்றும் ஞாபகம் இருந்தால், கணக்கைப் பேக்கப் எடுத்து வைக்கும் கம்ப்யூட்டர் டேப்பில் பாதி தெரிந்த மாதிரி. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு இடத்துக்கும் எண் உண்டு, எண்ணைச் சொன்னால் தலை அங்கே போய் நிற்கும். டேப் அப்படியல்ல. அது ஒற்றையடிப் பாதை. டிரைவ் இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் எழுதும், படிக்கும். கீழே நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்து முளைத்தவை.

இந்தக் காலத்தில் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்றால், கேட்கிறார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர் வங்கிக் கிளைகளிலும் மில்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் ஸ்கோ யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ரொம்ப சகஜம். ஒரு பெண்டியம் சர்வர், அதிலிருந்து ஓடும் கேபிள்களில் திரையும் கீபோர்டும் மட்டுமுள்ள பத்துப் பன்னிரண்டு டெர்மினல், உள்ளே ஃபாக்ஸ்பேஸ் என்ற டேட்டாபேஸிலோ கோபால் என்ற புரோகிராம் மொழியிலோ எழுதிய கணக்கு. ஸ்கோ என்பது கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் 1979-ல் தொடங்கிய கம்பெனி. நான் அதிகம் கைவைத்தது 1995-ல் வந்த அவர்களுடைய ஓப்பன்சர்வர் 5 வரிசையில். அந்தப் பெட்டிகளில் சில இன்னும் ஏதோ ஒரு கணக்கு அறையின் மூலையில், துணி போர்த்திக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் டிரைவ் செத்துப்போய் வேறொன்று மாட்ட வேண்டியவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஓப்பன்சர்வர் 5.0.5, டிஸ்க்கையும் டேப்பையும் சர்வரோடு இணைக்கும் அடாப்டெக் 2940 ஸ்கஸி கார்டு, எச்பியின் டிடிஎஸ்-3 டிரைவ். இந்த டிரைவில் போடும் கேசட்டை நாங்கள் டாட் டேப் என்போம். சோனி பாட்டுக்காக 1987-ல் கொண்டுவந்த டாட் கேசட்டைத்தான், சோனியும் எச்பியும் சேர்ந்து 1989-ல் தரவு எழுதுவதற்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள், அதுதான் டிடிஎஸ். கேசட் ஏடிஎம் கார்டு அகலம், நீளம் அதைவிடக் கொஞ்சம் கம்மி. உள்ளே 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் 125 மீட்டர் நாடா. கொள்ளளவு 12 ஜிபி. அட்டையில் 24 என்று அச்சடித்திருக்கும், அது சுருக்கி எழுதினால் பாதியாகிவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட எண். ஃபாக்ஸ்பேஸ் ஃபைல்களில் ஒவ்வொரு கட்டமும் நிலையான நீளம், பெயர் சின்னதாக இருந்தால் மீதியெல்லாம் வெற்றிடம். அதனால் அவை நன்றாகவே சுருங்கும். ஏற்கெனவே சுருக்கிய ஃபைலை எழுதினால் 24-ஐ மறந்துவிடுங்கள்.

டிரைவ் மாட்டுவது என்றால் மூன்று இடத்தில் அதை அறிமுகப்படுத்துவது. முதலில் கேபிளுக்கு, அடுத்து யூனிக்ஸின் மையமான கெர்னலுக்கு, கடைசியில் பேக்கப் கட்டளைகளை வரிசையாக நீங்கள் எழுதி வைக்கும் ஸ்கிரிப்டுக்கு. முதல் இரண்டில் தப்பு செய்தால் மெஷின் உடனே முகத்தைக் காட்டிவிடும். மூன்றாவதில் தப்பு செய்தால் மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டே இருக்கும்.

கேபிள்

ஸ்கஸி என்பது ஒரே கேபிளில் பல சாதனங்களைக் கோர்க்கும் சங்கிலி. குறுகிய 50 பின் கேபிளில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள் உண்டு. கார்டுக்கு 7. பூட் ஆகும் டிஸ்க்குக்கு 0, இரண்டாவது டிஸ்க் இருந்தால் 1. ஸ்கோ வழக்கப்படி டேப்புக்கு 2, சிடிராமுக்கு 5. இரண்டு சாதனத்துக்கு ஒரே எண் இருக்கவே கூடாது. ஒரே வீட்டு எண்ணில் இரண்டு குடும்பம் இருந்தால் தபால்காரர் பாடு என்னாகுமோ, அதுதான்.

டிரைவின் பின்பக்கம் குட்டி குட்டியாகப் பின்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். எண்ணைக் குறிப்பவை அதில் மூன்று ஜோடி, மதிப்பு 1, 2, 4. ஜோடியை இணைக்கும் சின்ன மூடிக்குப் பெயர் ஜம்பர், அதைப் போட்ட ஜோடிகளின் மதிப்பைக் கூட்டினால் வருவதுதான் எண். 2 வேண்டுமென்றால் 2 மதிப்புள்ள ஜோடிக்கு மட்டும் ஜம்பர். எந்த ஜோடி எது என்று டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிடுங்கள், ஊகிக்க வேண்டாம். ஜம்பர் கீழே விழுந்தால் மேஜைக்கடியில் தவழ வேண்டியிருக்கும், அது தனிக்கதை. முக்கியமாக, கரண்டை முழுதாக நிறுத்தாமல் கேபிளைத் தொடாதீர்கள்.

அப்புறம் டெர்மினேட்டர். கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்பி வரும் இல்லையா, கேபிளின் நுனி சும்மா விட்டிருந்தால் சிக்னலும் அப்படித்தான் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். அதை உறிஞ்சிக்கொள்ளச் சங்கிலியின் இரண்டு நுனியிலும் டெர்மினேட்டர் வேண்டும், நடுவில் எங்கேயும் இருக்கக் கூடாது. ஒரு நுனி பெரும்பாலும் கார்டே. மறு நுனியில் சில டிரைவ்களில் ஜம்பர், சிலவற்றில் சின்ன ரெசிஸ்டர் பட்டை, சிலவற்றுக்குக் கேபிளிலேயே தனிக் கட்டை. டிஸ்க்கை நுனியில் வைத்து டெர்மினேட் செய்திருந்த சங்கிலியில், அதைத் தாண்டி டேப்பைக் கோர்த்துவிட்டு டிஸ்க்கின் டெர்மினேட்டரைக் கழற்ற மறப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இந்தக் கோளாறு உடனே தெரியாது. சின்ன ஃபைல் ஒழுங்காகப் போகும், பெரிய பேக்கப் இருபதாவது நிமிஷத்தில் நின்றுவிடும். எல்லோரும் டேப்பைத் திட்டுவார்கள், புது டேப் வாங்குவார்கள். கேபிளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மெஷினை ஆன் செய்ததும் அடாப்டெக் கார்டு தன் சங்கிலியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண் போட்டு வரிசையாகக் காட்டும். 2-க்கு எதிரே எச்பி என்ற பெயரும் டிரைவின் மாடலும் வர வேண்டும். வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள். கார்டே பார்க்காத டிரைவை யூனிக்ஸ் பார்க்கப் போவதில்லை. கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் கார்டின் சொந்த மெனு திறக்கும், கார்டுப் பக்கத்து டெர்மினேஷனை அங்கே சரிபார்க்கலாம்.

கெர்னல்

இன்றைய லினக்ஸில் சாதனத்தை மாட்டினால் அதுவே கண்டுகொள்ளும். பழைய ஸ்கோவில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. எந்த எண்ணில் டேப் இருக்கிறது என்பதைச் சொல்லி, அந்தத் தகவலோடு கெர்னலையே மறுபடி கட்ட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, கேள்வி கேட்டுப் பதில் வாங்கி அதுவே கட்டிக்கொள்ளும்.

எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் நுழைந்து, எம், கே, டி, இ, வி என்ற ஐந்து எழுத்து, இடைவெளி, டேப் என்ற சொல் என்று அடியுங்கள். நாங்கள் இதை மேக்டெவ் என்போம். மெனுவில் டேப் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து, வகையில் ஸ்கஸியைக் காட்டுங்கள். பிறகு எந்தக் கார்டு, கார்டின் எண் என்ன, டிரைவின் எண் என்ன, அந்த எண்ணுக்குள் வரும் உட்பிரிவு எண்ணான லன் என்ன என்று கேட்கும். 2940-க்கு டிரைவர் பெயர் அலாட் (alad), கார்டு எண் 0, டிரைவ் எண் 2, லன் 0. ஒரே டிரைவ்தான் என்றால் லன் எப்போதுமே 0, அதைப் பற்றி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிறகு மூன்று கேள்வி வரும். புதுக் கெர்னல் இப்போதே உருவாக்கவா? அது வழக்கமாகப் பூட் ஆக வேண்டுமா? கெர்னல் சூழலைத் திருத்தி அமைக்கவா? மூன்றுக்கும் ஒய். முதல் கேள்விக்கு அப்புறம் மெஷின் சில நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் இருக்கும், டீ குடித்துவிட்டு வரலாம். பழைய கெர்னலை யூனிக்ஸ் புள்ளி ஓல்டு என்ற பெயரில் அதுவே எடுத்து வைக்கும். புதுசு எழுந்திருக்க மறுத்தால், பூட் என்று கேட்கும் இடத்தில் அந்தப் பெயரை அடித்தால் நேற்று இருந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். இதைத் தெரிந்து வைத்திருந்தால் மானேஜர் பின்னால் நின்று பார்க்கும்போது கை நடுங்காது.

திரும்பப் பூட் ஆகி வந்ததும், சாதனங்களைப் பட்டியலிடும் எச்டபிள்யூகான்ஃபிக் கட்டளை கொடுங்கள். டேப் என்று ஒரு வரியும், அதில் எண் 2, கார்டு அலாட் என்றும் இருக்க வேண்டும். ஒரு டேப்பைச் செருகி, டேப் ஸ்டேட்டஸ் என்று கேட்டு ஒழுங்கான பதில் வந்தால் இரண்டாவது அறிமுகமும் முடிந்தது.

பெயர்

யூனிக்ஸில் சாதனம் எல்லாமே ஃபைல். டெவ் என்ற டைரக்டரியில் அதற்கு ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரில் எழுதினால் சாதனத்துக்குப் போகும். நம் டிரைவின் பெயர் ஆர்-எஸ்டிபி-0 (rStp0). எஸ் மட்டும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சின்னது. மாற்றி அடித்தால் டேப்புக்குப் போக வேண்டிய பேக்கப் முழுவதும் அதே டைரக்டரியில் சாதாரண ஃபைலாக உட்கார்ந்து ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். டேப் விளக்கு எரியாமலே பேக்கப் முடிந்தது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பெயரும் உண்டு: என்-ஆர்-எஸ்டிபி-0 (nrStp0). முன்னால் என் என்ற எழுத்து கூடுதல். டிரைவ் ஒன்றுதான், பெயர் இரண்டு. முதல் பெயரில் எழுதி முடித்தால் டிரைவ் நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். என் போட்ட பெயரில் எழுதினால் முடிந்த இடத்திலேயே ஒரு அடையாளக்குறி இட்டுவிட்டு நின்றுகொள்ளும். பாட்டுக்கு நடுவே வரும் மௌனம் என்று சொன்னேனே, அதுதான் இந்தக் குறி.

இந்த ஒரு எழுத்தில் நான் மாட்டியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். டேப்பில் எழுதும் டார் என்ற கட்டளை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. முதலில் பேரேடு, அடுத்து சம்பளக் கணக்கு, கடைசியில் டெர்மினல்காரர்களின் சொந்த டைரக்டரிகள். மூன்றையும் என் என்ற எழுத்து இல்லாத பெயருக்கு அனுப்பியிருந்தேன். முதல் டார் பேரேட்டை எழுதும், நாடா ஆரம்பத்துக்குச் சுற்றும். இரண்டாவது, சம்பளத்தை அதே இடத்தில் அதன் தலையிலேயே எழுதும், மறுபடி சுற்றும். மூன்றாவதும் அப்படியே. காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் மூன்றுக்கு எதிரேயும் சரி. பொய்யும் இல்லை, மூன்றும் சரியாகத்தான் எழுதப்பட்டன.

நாலு மாதம் கழித்து அக்கவுண்டன்ட் போன வருஷப் பேரேட்டைத் தவறிப்போய் அழித்துவிட்டு, டேப்பிலிருந்து எடுத்துக் கொடுங்க தம்பி என்றார். திங்கள் முதல் சனி வரை ஆறு டேப். ஆறிலும் இருந்தது டெர்மினல்காரர்களின் டைரக்டரி மட்டும். பேரேடு நாடாவில் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. கடைசியாக எழுதியது சின்னது, அதனால் அதைத் தாண்டிய நாடாவில் பழைய எழுத்து காந்தமாக இருந்திருக்கும். ஆனால் தரவு முடிந்தது என்ற குறியைத் தாண்டி டிரைவ் ஓர் அங்குலமும் படிக்காது. 132 எழுத்து அகலத் தாளில் அச்சடித்து வைத்திருந்த பேரேட்டைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். அந்த நாட்களில் நான் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

ஸ்கிரிப்டைத் திருத்த ஆன நேரம் அரை நிமிஷம். மூன்று பெயருக்கும் முன்னால் அந்த என். எல்லாவற்றுக்கும் முன்பு, டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்று என்ற கட்டளை. இது எதற்கென்றால், டேப்பை மாற்ற மறந்த நாளில் நேற்று நின்ற இடத்திலிருந்தே எழுதத் தொடங்கி, பாதியில் நாடா தீர்ந்துபோகும். சுற்றினால் நேற்றையது போகும், உண்மைதான். பாதி பேக்கப்புக்கு அது தேவலை.

மூன்றாவது தொகுப்பைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் சுற்றுங்கள், பிறகு டேப் ஆர்எஃப்எம் என்ற கட்டளையை இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு குறியைத் தாண்டும். இப்போது எங்கே நிற்கிறது என்று குழப்பம் வந்தால் யோசிக்காமல் சுற்றிவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள்.

டார் என்ற பெயரே டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம்தான். சி என்றால் எழுது, டி (t) என்றால் பட்டியல் காட்டு, எக்ஸ் என்றால் எடு. அவசரத்தில் எக்ஸுக்குப் பதில் சி அடித்தால் எடுக்க வந்த டேப்பின் மேலேயே எழுதிவிடும். அதனால் எதையாவது திரும்ப எடுக்கும் முன் கேசட்டின் விளிம்பில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள், எழுதவிடாது. உடைக்க வேண்டாம் என்பதால் பாட்டுக் கேசட்டைவிட இது உசத்தி.

டாரில் இன்னொரு குழி. பாதையைச் சாய்கோட்டில் தொடங்கி முழுசாகக் கொடுத்தால் அப்படியே டேப்பில் ஏறும், எடுக்கும்போதும் அதே இடத்தில்தான் போய் விழும். போன வாரத்துப் பேரேட்டைச் சும்மா பார்க்கலாம் என்று எடுத்தால் இன்றைய பேரேட்டின் மேல் உட்கார்ந்துவிடும். ரூட் டைரக்டரிக்குப் போய், புள்ளி வைத்துத் தொடங்கும் பாதையைக் கொடுத்து எழுதுங்கள். அப்போது எடுப்பதை டெம்ப் என்ற தற்காலிக டைரக்டரியில் இறக்கிப் பார்க்கலாம். தரவுக்கு டார் போதும். டெவ் டைரக்டரியில் இருக்கும் சாதனப் பெயர்கள் உட்பட முழு சிஸ்டத்தையும் எடுக்க சிபிஐஓ என்ற கட்டளை நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, டிடிஎஸ்-3 சுருக்காமல் விநாடிக்குச் சுமார் 1 எம்பிதான் எழுதும். 12 ஜிபி முழுசாக எழுத மூன்று மணி நேரத்துக்கு மேல். சர்வர் அதற்கு ஈடுகொடுத்துத் தரவு அனுப்பாவிட்டால் டிரைவ் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓடிவந்து எழுதும். ஷூ துடைப்பது மாதிரி முன்னும் பின்னும் போகும் அந்தக் கறக் கறக் சத்தம் கேட்டால் நாடாவும் தலையும் தேய்கிறது என்று அர்த்தம். குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கும் கிரானில் ராத்திரி பத்துக்கு வைத்தால் நைட் ஷிஃப்ட்காரர்கள் உள்ளே இல்லையா என்று பாருங்கள். ஃபாக்ஸ்பேஸ் ஃபைல் திறந்திருக்கும்போது எடுத்த பேக்கப்பில் தரவு ஒரு நிமிஷத்தையும் இண்டெக்ஸ் இன்னொரு நிமிஷத்தையும் காட்டும்.

பட்டியல் வந்துவிட்டால் பேக்கப் நல்லது என்று நினைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு பெரிய ஃபைலை டெம்ப்பில் இறக்கி, அதற்கும் அசலுக்கும், ஃபைலுக்குச் சரிபார்ப்பு எண் தரும் சம் கட்டளை கொடுத்து எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேறொரு டிரைவிலும் படித்துப் பாருங்கள். டாட் டிரைவ் சுழலும் உருளையில் இருக்கும் தலையால் நாடாவில் சாய்வாகக் கோடு கோடாக எழுதுகிறது. தலை கொஞ்சம் விலகியிருந்தால், தான் எழுதியதைத் தானே படித்துக்கொள்ளும், வேறு டிரைவால் படிக்க முடியாது. அது செத்த பிறகுதான் இது தெரியவரும். சுத்தம் செய்யும் கேசட்டை விளக்கு மிரட்டும் வரை காத்திருக்காமல் வாரம் ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

அந்த நூற்பாலையின் டேப் ஒன்று சமீபத்தில் என் கைக்கு வந்தது. ஓய்வுபெற்றவர் ஒருவருக்குப் பென்ஷன் விஷயமாகப் பழைய சம்பளக் கணக்கு வேண்டியிருந்தது. சர்வர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. அதே குடும்பத்தில் பின்னால் வந்த, யூஎஸ்பியில் மாட்டும் டாட் 72 டிரைவ் டிடிஎஸ்-3 டேப்பைப் படிக்கும் என்பதால் பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து லினக்ஸில் மாட்டினேன். அங்கேயும் அதே கதைதான், எஸ்டி-0 என்றால் சுற்றும், என்எஸ்டி-0 என்றால் நிற்கும். தரவைத் துண்டு துண்டாக எழுதும் பிளாக் அளவை 0 என்று வைத்தேன், அதாவது எந்த அளவில் எழுதியிருந்தாலும் படி என்று அர்த்தம். தாழ்ப்பாளை நகர்த்தி, சுற்றி, ஒரு குறியைத் தாண்டி, பட்டியலுக்கு டாரில் டி போட்டேன். டிரைவ் ரொம்ப நேரம் முனகியது. பிறகு சம்பள ஃபைல்களின் பெயர்கள் மாதவாரியாக ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன.